கட்டுமானத் தளப் பாதுகாப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கட்டுமானத் தளங்களில் பாதுகாப்பு அலுவலராக வேலை பார்ப்பவன். மேஸ்திரிகள், சொந்த வீடு கட்டுபவர்கள், இந்த வேலைக்குப் படிக்க நினைக்கும் இளைஞர்கள் என்று பலரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். சட்டம் பற்றிய பதில்கள் தமிழ்நாட்டுத் தளங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

பாதுகாப்பு அலுவலர் என்றால் ஹெல்மெட் போடாதவர்களைப் பிடித்து அபராதம் போடுபவர்தானே?

பல தளங்களில் அவரை அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் அவர் அதிகம் பயன்படுவது வேலை தொடங்குவதற்கு முன்னால்தான். நாளை ஏழாவது மாடியில் வெளிச்சுவர் பூச்சு என்றால், ஆட்கள் எதன்மேல் நிற்பார்கள், கலவை எப்படி மேலே போகும், அப்போது கீழே யார் நடமாடுவார்கள், காற்று பலமாக அடித்தால் யார் நிறுத்தச் சொல்வது என்பதையெல்லாம் இன்றே பொறியாளரோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். சாரத்தையும் கிரேனையும் சோதிப்பது, பழுதை எழுதிக்கொடுப்பது, சரிசெய்தார்களா என்று மறுபடி போய்ப் பார்ப்பது, புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, விபத்து நடந்தால் காரணத்தைத் தேடுவது எல்லாம் அதன் தொடர்ச்சி.

தளத்தின் பாதுகாப்பை அவர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. பணமும் நாள் கணக்கும் முதலாளி கையில் இருக்கின்றன. ஆட்களை ஏவுபவர்கள் பொறியாளரும் மேஸ்திரியும். இன்றைக்குச் சாரம் கட்டிவிட்டுப் பூசுவதா, கட்டாமலே பூசுவதா என்று தீர்மானிப்பவர்கள் அவர்கள்தான்.

எல்லாத் தளத்திலும் பாதுகாப்பு அலுவலர் இருந்தே ஆக வேண்டுமா?

இல்லை. 1996-ஆம் ஆண்டு கட்டிட மற்றும் இதர கட்டுமானத் தொழிலாளர் சட்டம், 500 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில் பாதுகாப்பு அலுவலரையும் பாதுகாப்புக் குழுவையும் கட்டாயமாக்கியது. அந்தக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகத் தரப்பைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, அலுவலருக்கான எண்ணிக்கையைக் கட்டுமானப் பணிகளுக்கு 250 ஆகக் குறைத்திருக்கிறது.

துணை ஒப்பந்ததாரர் வாரியாக ஆட்களைப் பிரித்துக் காட்டி, ‘எங்களிடம் 250 பேர் இல்லை’ என்று சொல்லும் வழக்கம் உண்டு. சாரம் ஒன்று, கிரேன் ஒன்று, மின்பெட்டி ஒன்று என்று எல்லோரும் ஒரே இடத்தில் வேலை செய்யும்போது அந்தக் கணக்கு யாரை ஏமாற்றுகிறதோ தெரியவில்லை.

நான் சொந்த வீடு கட்டுகிறேன். ஆறேழு பேர்தான் வேலை செய்கிறார்கள். எனக்கு இதெல்லாம் எதற்கு?

சட்டப்படி நீங்கள் அலுவலரை வைக்க வேண்டியதில்லை. பெரிய தளங்களில் தினமும் யாராவது கேள்வி கேட்கிறார்கள். உங்கள் வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லை. அதனால் நீங்களே நான்கு இடங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்: கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி விளிம்பும் படிக்கட்டுத் திறப்பும், சாரம், தற்காலிக மின்இணைப்பு, தண்ணீர் நிற்கும் சம்ப் (தரைக்கடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி). விளிம்பில் இரண்டு வரிசை சவுக்குக் கட்டை கட்டுவதற்கு அரை நாள் கூலிகூட ஆகாது.

ஒப்பந்தம் எழுதும்போதே சாரம், தடுப்பு, ஹெல்மெட், தொழிலாளர் காப்பீடு ஆகியவை யார் செலவு என்று எழுதிவிடுங்கள். சதுர அடிக் கணக்கில் பேசும்போது இவை எப்போதும் விட்டுப்போகின்றன. விட்டுப்போனதை எந்த மேஸ்திரியும் கைக்காசு போட்டுச் செய்ய மாட்டார்.

வெயிலில் ஹெல்மெட் போட்டால் தலை வெந்துபோகிறது. மேலே யாரும் இல்லாதபோது கழற்றி வைக்கலாமா?

வெயில் பற்றிய குறை நியாயமானது. காற்றுத் துளை உள்ள ஹெல்மெட்டை வாங்கிக்கொடுப்பதும், நிழலில் இடைவேளை தருவதும், உச்சி வெயில் வேலையைக் காலைக்கு மாற்றுவதும் நிர்வாகம் செய்ய வேண்டியவை. ஆனால் ‘மேலே யாரும் இல்லை’ என்பதைக் கீழே நிற்பவர் உறுதியாகச் சொல்ல முடியாது. நான்காவது மாடியில் யாரோ விட்டுப்போன கம்பித் துண்டைக் காற்றே தள்ளிவிடும்.

ஐ.எஸ். 2925 (இந்தியத் தர எண்) முத்திரை பார்த்து வாங்குங்கள். தாடைப் பட்டியை மாட்டுங்கள். பட்டி மாட்டாத ஹெல்மெட், ஆள் விழும்போது அவருக்கு முன்பே தரைக்குப் போய்விடும். ஒருமுறை பலத்த அடி வாங்கிய ஹெல்மெட்டில் விரிசல் தெரியாவிட்டாலும் அதை ஒதுக்கிவிட வேண்டும்.

வெள்ளை ஹெல்மெட் பொறியாளருக்கு, மஞ்சள் தொழிலாளிக்கு என்று சட்டம் இருக்கிறதா?

இல்லை. அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் வழக்கம். நுழைவாயிலில் எழுதி வைத்திருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரத்தில் பெல்ட் கட்டித்தான் வேலை செய்கிறோம். அப்புறம் என்ன பயம்?

இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட் என்றால் பயப்பட நிறைய இருக்கிறது. விழும் வேகம் முழுவதும் இடுப்பிலும் முதுகெலும்பிலும் இறங்கும். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் பிடிக்கும் முழு உடல் பெல்ட்தான் வேண்டும். அதற்கான தரம் ஐ.எஸ். 3521.

அடுத்தது கொக்கியை எங்கே மாட்டுகிறீர்கள் என்பது. கயிறு ஏறக்குறைய 2 மீட்டர். விழும்போது அதிர்ச்சியை வாங்கும் மடிப்பு பிரிந்து மேலும் 1.75 மீட்டர் வரை நீளலாம். முதுகிலுள்ள வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர், அதற்குக் கீழே 1 மீட்டராவது இடைவெளி. கூட்டினால் கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே 6 மீட்டருக்கு மேல் வெற்றிடம் வேண்டும். பத்தடி உயர முதல் தளத்தில் காலடியில் கொக்கியை மாட்டியவர், பெல்ட் அணிந்தபடியே தரையில் விழுவார். தலைக்கு மேலே மாட்டினால் விழும் தூரம் வெகுவாகக் குறையும். குறைந்த உயரங்களில் பெல்ட்டை நம்புவதைவிட விளிம்பில் தடுப்பு கட்டுவதே புத்திசாலித்தனம். பிளம்பிங் குழாய், மின்குழாய், சாரத்தின் குறுக்குக் கட்டை ஆகியவை கொக்கி மாட்டும் இடங்களே அல்ல.

பெல்ட் பிடித்து அந்தரத்தில் தொங்குபவரை யார் இறக்குவது என்றும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அசையாமல் தொங்கினால் ரத்தம் கால்களில் தேங்கிச் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரக்கூடும். தீயணைப்பு வண்டி வரட்டும் என்று காத்திருப்பதை ஒரு திட்டம் என்று சொல்ல முடியாது.

சவுக்குச் சாரம் ஆபத்து, இரும்புச் சாரம்தான் பாதுகாப்பு என்கிறார்களே?

ஒழுங்காகக் கட்டிய சவுக்குச் சாரம் நிற்கும். ஒழுங்கின்றி மாட்டிய இரும்புச் சாரம் சரியும். சவுக்கில் கயிறு மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து தளர்ந்துவிடும். மண்ணுக்குள் இருக்கும் அடி இற்றுப்போகும். அதனால் மழைக்குப் பிறகு ஏறுவதற்கு முன் ஒவ்வொரு முடிச்சையும் பார்க்க வேண்டும். உயரமான கட்டிடங்களுக்குச் சவுக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு வேறு. குறுக்குக் கட்டையைத் தாண்டி இரண்டடி வெளியே நீண்டிருக்கும் பலகை. நடுவில் நிற்கும்வரை ஒன்றும் தெரியாது. மூலையில் ஒரு கை பூச்சு மிச்சம் இருக்கிறது என்று கொத்தனார் அந்த நுனிக்கு ஓரெட்டு வைத்ததும் மறுமுனை தூக்கிக்கொள்ளும். பலகையின் இரு முனைகளையும் கட்டிவிட்டால் போதும். அத்துடன் ஒற்றைப் பலகை கூடாது, சாரத்தைக் கட்டிடத்தோடு பிணைத்திருக்க வேண்டும், 90 சென்டிமீட்டர் உயரத்திலாவது கைப்பிடி வேண்டும், சுத்தியலும் கரண்டியும் உருண்டு விழாமல் விளிம்பில் ஒரு பட்டைப் பலகை வேண்டும்.

வானம் (அஸ்திவாரக் குழி) ஆறடிதான் தோண்டுகிறோம், மண்ணும் கெட்டி. பக்கவாட்டில் பலகை அடிக்கச் சொல்வது வீண் செலவு இல்லையா?

1.5 மீட்டருக்கு மேல், அதாவது ஐந்தடிக்கு மேல் பக்க மண் நின்றால் தாங்கு கொடுக்க வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் பக்கங்களைச் சரிவாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு கனமீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். குனிந்து மண் அள்ளுபவர் மேல் அதில் பாதி விழுந்தாலே போதும். முகம் வெளியே இருந்தாலும் நெஞ்சு விரிய முடியாமல் மூச்சு நின்றுவிடும். கெட்டியாகத் தெரிந்த மண் ஓர் இரவு மழைக்குப் பிறகு அதே மண்ணாக இருப்பதில்லை.

எடுத்த மண்ணைக் குழியின் ஓரத்திலேயே குவிப்பது இன்னொரு வினை. குறைந்தது 1.5 மீட்டர் தள்ளிக் கொட்டுங்கள். குழி ஆழமானால் அதன் ஆழத்தில் பாதித் தூரம். ஜேசிபியையும் விளிம்பை ஒட்டி நிறுத்தாதீர்கள். ஏறி வர ஏணி வேண்டும், அது தரைக்கு மேலே மூன்றடி நீண்டிருக்க வேண்டும்.

கூரை போட்டு எத்தனை நாளில் அடியில் தாங்கும் முட்டுகளைப் பிரிக்கலாம்? மேஸ்திரி ஐந்து நாள் போதும் என்கிறார்.

கான்கிரீட் வேலைக்கான ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்ச அளவு இது: 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளங்களுக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீம்கள் 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இது சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்கான கணக்கு. இன்று பெரும்பாலான வீடுகளில் பயன்படுவது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட், அது மெதுவாகத்தான் வலுவேறும் என்பதால் இன்னும் சில நாள் கூட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து நாள் என்ற அவசரத்துக்குக் காரணம் பெரும்பாலும் சென்ட்ரிங் தகடுகளை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருப்பதுதான்.

புதிதாகக் கட்டிய சம்ப். உள்ளே கழிவே போனதில்லை. அதில் எப்படி விஷவாயு வரும்?

செய்தித்தாள்களில் வரும் இத்தகைய மரணங்களில் பல, புதிய தொட்டிகளில் நிகழ்ந்தவைதான். தொட்டிக்கு மூடி தளம் போட்டு, இரண்டடி வாய் மட்டும் விட்டு, உள்ளே பலகையும் சவுக்கு முட்டும் நிற்க, வாயையும் மூடி வைத்துவிடுகிறார்கள். கீழே நீராற்றிய தண்ணீர் தேங்கியிருக்கிறது. ஈர மரம் அழுகும்போது அதிலுள்ள நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றுவிட்டுக் கரியமில வாயுவை விடுகின்றன. சில வேளை ஹைட்ரஜன் சல்பைடும் சேர்கிறது. வெளிக்காற்றில் 20.9 சதவீதம் ஆக்சிஜன். 19.5-க்குக் கீழே போனாலே அந்த இடம் ஆபத்தானது. 10-க்குக் கீழே போனால் உதவி கேட்டுக் கத்துவதற்கு முன்பே நினைவு போய்விடும். ஆக்சிஜன் குறைவதற்கு வாசனை கிடையாது.

பிறகு நடப்பதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். முட்டுப் பிரிக்க இறங்கியவரிடமிருந்து சத்தமில்லை. தண்ணீரில் வழுக்கியிருப்பார் என்று நினைத்து இன்னொருவர் இறங்குகிறார். அவரைத் தேடி வீட்டுக்காரரோ மேஸ்திரியோ இறங்குகிறார். அதனால் ஒன்றை மட்டும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: உள்ளே விழுந்தவரை மீட்க வெறும் உடம்போடு யாரும் இறங்கக் கூடாது. வெளியிலிருந்தே காற்றை ஊதுங்கள், 101-ஐயும் 108-ஐயும் அழையுங்கள்.

வேலையைச் சரியாகச் செய்யும் முறை இது. எல்லா மூடிகளையும் திறந்து வையுங்கள். ஊதுவிசிறியின் குழாயை அடிமட்டம் வரை இறக்கி, வேலை முடியும்வரை ஓடவிடுங்கள். ஆக்சிஜன், எரிவாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு நான்கையும் காட்டும் கருவியால் மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் அளந்த பிறகே ஆள் இறங்கட்டும். இறங்குபவருக்கு முழு உடல் பெல்ட்டும் மேலே இழுக்கும் கயிறும் வேண்டும். வாயில் ஓர் ஆள் நகராமல் நிற்க வேண்டும். மெழுகுவத்தியை இறக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது: அது அணையாமல் எரியும் காற்றிலும் விஷம் இருக்கலாம், எரிவாயு இருந்தால் வெடிக்கவும் செய்யும். தண்ணீர் இறைக்க டீசல் இன்ஜினைத் தொட்டிக்குள் இறக்குவது தற்கொலைக்குச் சமம். வரைபடத்திலேயே எதிரெதிர் மூலைகளில் இரண்டு வாய்கள் வைத்தால் பாதிக் கஷ்டம் குறையும்.

மின்சாரத்தில் முக்கியமாக எதைப் பார்க்க வேண்டும்?

பிளக் இல்லாமல் வயரின் செப்பு நுனியைச் சாக்கெட்டில் சொருகி, தீக்குச்சியால் இறுக்கி வைக்கும் வேலையை முதலில் ஒழியுங்கள். 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் தற்காலிக இணைப்பே தரக் கூடாது. அதன் சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள்.

மொட்டை மாடிக்கு அருகில் போகும் மின்கம்பி இன்னொன்று. 40 அடி இரும்புக் கம்பியைத் தோளில் வைத்துத் திரும்புபவருக்குப் பின்முனை எங்கே போகிறது என்று தெரியாது. 11 கே.வி. (11,000 வோல்ட்) வரையிலான உயரழுத்தக் கம்பிக்கும் கட்டிடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டரும், மேலே போனால் 3.7 மீட்டரும் இடைவெளி வேண்டும் என்பது விதி. ஆனால் இது நின்றுகொண்டிருக்கும் கட்டிடத்துக்கு. கம்பி தூக்கும் வேலைக்கு அது போதாது. வேலை தொடங்கும் முன்பே மின்வாரியத்திடம் எழுதிக் கொடுத்து, மின்கம்பியை மாற்றவோ மின்சாரத்தை நிறுத்தவோ ஏற்பாடு செய்யுங்கள்.

காலையில் பத்து நிமிடம் நிற்கவைத்துப் பேசுகிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஏறுவதில்லை. இது தேவையா?

‘பாதுகாப்பே பிரதானம்’ என்று பேசினால் ஏறாது. ‘இன்று மூன்றாவது மாடி வடக்குப் பக்கம் சாரம் பிரிக்கிறார்கள், அந்த வழியாக யாரும் போகாதீர்கள்’ என்று பேசினால் ஏறும். இன்னொரு காரணம் மொழி. ஒடிசா, பீகார், மேற்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் நிற்கும் வரிசையில் தமிழில் பேசிவிட்டுக் கையெழுத்து வாங்குவது வெறும் சடங்கு. பெரும்பான்மைத் தொழிலாளர்கள் பேசும் மொழி பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று 1996 சட்டத்தின் கீழ் வந்த 1998-ஆம் ஆண்டு மத்திய விதிகளே தகுதியாகச் சொல்கின்றன. அலுவலருக்கு இந்தி வராவிட்டால், அந்தக் குழுவிலேயே தமிழ் புரிந்த ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

சித்தாள் பெண்கள் குழந்தைகளைத் தளத்துக்குக் கூட்டி வருகிறார்கள். அனுமதிக்கலாமா?

வேலை நடக்கும் இடத்துக்குள் கூடாது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தளத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை தர வேண்டும் என்று 1996 சட்டம் சொல்லியிருந்தது. எண்ணிக்கை குறைவான தளத்திலும் ஓர் அறையும் பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணியும் இருந்தால் தாயும் கவனம் சிதறாமல் வேலை செய்வார். மேலே சொன்ன சம்பின் வாயும் தண்ணீர் நிற்கும் குழிகளும் பெரியவர்களைவிடக் குழந்தைகளைத்தான் அதிகம் அச்சுறுத்துகின்றன.

பாதுகாப்பு அலுவலர் சொன்னால் வேலையை நிறுத்தியே ஆக வேண்டுமா?

விதிகளில் அவர் முதன்மையாக ஆலோசனை சொல்பவர். நிறுத்தும் அதிகாரத்தை நிறுவனம்தான் எழுத்தில் தர வேண்டும். நல்ல நிறுவனங்கள் தருகின்றன. வேலைக்குச் சேரும்போதே அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அலுவலருக்கு உயர்நிலைப் பதவித் தகுதி தர வேண்டும், தொடர்பில்லாத வேலைகளைச் சுமத்தக் கூடாது என்றும் விதிகள் சொல்கின்றன. நடப்பில் கேட் பாஸ், வருகைப் பதிவேடு, தண்ணீர் லாரிக் கணக்கு எல்லாம் அவர் மேசைக்குத்தான் வருகின்றன.

கடிதம் இல்லாதபோதும் உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் நிறுத்தச் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே திட்ட மேலாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். ‘ஏன் நிறுத்தினாய்’ என்று கேட்பவர்கள்கூட, ‘நிறுத்த வேண்டாம், நான் பொறுப்பு’ என்று எழுதித் தரத் தயங்குவார்கள்.

விபத்து நடந்தால் முதலில் மாட்டிக்கொள்வது பாதுகாப்பு அலுவலர்தானே?

சில நேரம் அப்படி நடக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தல், இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் வருகிறது. ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வழக்கில் ஒப்பந்ததாரர், பொறியாளர், மேற்பார்வையாளர் ஆகியோரோடு அலுவலர் பெயரும் சேரலாம். அப்போது கேட்கப்படுவது: ஆபத்து உங்களுக்குத் தெரியுமா, தெரிந்ததும் யாரிடம் சொன்னீர்கள், என்ன ஆதாரம்? தேதியுள்ள படமும் மின்னஞ்சலும் பேசும். விபத்துக்குப் பிறகு பழைய தேதியிட்டு நிரப்பிய படிவங்களும் பேசும், உங்களுக்கு எதிராக. உயிரைக் காப்பாற்றத் தேவையானதைத் தவிர அந்த இடத்தில் எதையும் நகர்த்தாதீர்கள். மரணம் என்றாலும், 48 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாத காயம் என்றாலும் அதிகாரிகளுக்கு அறிவிப்பு கொடுத்தாக வேண்டும்.

ஹெல்மெட் போடாமல் விழுந்தார், குடித்தும் இருந்தார். அவருக்கு இழப்பீடு கிடையாதாமே?

அரைகுறையாகப் பரவிய செய்தி. போதை, வேண்டுமென்றே விதியை மீறியது போன்ற காரணங்களைச் சொல்லி முதலாளி தப்பிக்க முடிவது, மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்படாத காயங்களில் மட்டும்தான். மரணம் என்றால் அந்த வாதம் நிற்காது. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது, அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே தொடர்கிறது. ‘அவன் துணை ஒப்பந்ததாரரின் ஆள்’ என்ற சாக்கும் கட்டுமான நிறுவனத்தைக் காப்பாற்றாது. முதலில் கொடுத்துவிட்டுத் துணை ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் உதவி இதிலிருந்து வேறானது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் அதில் பதிவு செய்யலாம். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பவர்கள் நிறைய பேர்; மேஸ்திரிகள் ஒரு வார்த்தை நினைவூட்டினால் நல்லது.

ஒரு மாத கோர்ஸ் முடித்தால் பாதுகாப்பு அலுவலர் ஆகிவிடலாம் என்கிறார்கள். உண்மையா?

உதவியாளர் வேலை கிடைக்கலாம். 1998 மத்திய விதிகளின்படி பொறியியல் பட்டத்தோடு 2 ஆண்டு அல்லது டிப்ளமோவோடு 5 ஆண்டு கட்டுமான மேற்பார்வை அனுபவம் வேண்டும். கட்டுமானப் பாதுகாப்பு பாடம் உள்ள தொழிலகப் பாதுகாப்புப் பட்டமோ டிப்ளமோவோ வேண்டும். சென்னை தரமணியிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் அத்தகைய படிப்பை நடத்துகிறது. வளைகுடா வேலைக்கு நெபோஷ் (பிரிட்டன் அமைப்பு ஒன்று தரும்) பாதுகாப்புச் சான்றிதழ் உதவும். ஆனால் இங்கே அது சட்டப்படியான தகுதிக்கு மாற்று இல்லை. பணம் கட்டும் முன் அந்தச் சான்றிதழை அரசு ஏற்கிறதா என்று கேளுங்கள். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களில் இந்தக் கேள்விக்கு நேரான பதில் வராது.

ஹெல்மெட், பெல்ட், சாரம் எல்லாம் சரியாக இருந்து கட்டிடமே விழுந்தால்?

2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். விசாரணையில் கட்டமைப்புக் குறைபாடுகள் வெளிவந்தன. அருகில் நின்ற இரட்டைக் கட்டிடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கே எத்தனை ஹெல்மெட் இருந்திருந்தாலும் பயன் இல்லை. மண் பரிசோதனை, வடிவமைப்பு, வரைபடத்தில் இல்லாத மாற்றங்கள் ஆகியவை பாதுகாப்பு அலுவலரின் கைக்கு வருவதே இல்லை. ஆனாலும் தூணில் புதிய விரிசல், கதவு நிலை திடீரென இறுகுவது, முட்டு வளைவது போன்றவற்றைக் கண்டால் ஆட்களை வெளியேற்றிவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரை அழைக்கச் சொல்ல அவருக்குத் தனிப் படிப்பு தேவையில்லை.

‘விபத்தில்லாத நாட்கள்’ பலகையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. நல்ல தளம் என்று நம்பலாமா?

எண்ணைப் பார்க்காதீர்கள், ‘நூலிழையில் தப்பியது’ என்ற பதிவேட்டைக் கேளுங்கள். நூறு பேர் வேலை செய்யும் தளத்தில் ஒரு செங்கல்கூடத் தவறி விழவில்லை என்றால், விழுந்ததை யாரும் சொல்லவில்லை என்று பொருள். பலகையில் எண்ணிக்கை உடைந்தால் எல்லோருக்கும் ஊக்கத்தொகை போய்விடும் என்று வைத்திருக்கும் இடங்களில், காயம்பட்டவர் விரலில் துணி சுற்றிக்கொண்டு பேசாமல் அறைக்குப் போய்விடுகிறார்.

எங்கள் தளத்தில் எதுவும் சரியில்லை. யாரிடம் புகார் செய்வது?

முதலில் பொறியாளரிடமும் அலுவலரிடமும், பாதுகாப்புக் குழு இருந்தால் அதிலுள்ள தொழிலாளர் பிரதிநிதியிடமும் சொல்லுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால், முதலாளிக்குத் தெரிவிக்கும்போதே ஆய்வாளருக்கும் தெரிவிக்கும் உரிமையைப் புதிய தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு தருகிறது. தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

‘பாதுகாப்பு இல்லை’ என்று மட்டும் எழுதினால் ஆய்வாளர் வந்து எதைத் தேடுவார்? தளத்தின் முகவரி, ஒப்பந்ததாரர் பெயர், எந்த மாடி, எந்த வேலை, எத்தனை பேர், எந்த நேரத்தில் நடக்கிறது என்று எழுதி, தேதி தெரியும் படம் இரண்டு இணைத்து அனுப்புங்கள்.